பேர் ஏறாத இசைத்தட்டு

பாட்டு வந்த பாதை – 9

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு காயலாங்கடை. பழைய சைக்கிள் ரிம், பம்ப்செட் உறை, நசுங்கிய ஈயக் குண்டான் எல்லாம் தாண்டி உள்ளே போனால், நட்டு போல்ட்டு போட்டுவைத்த பால்பவுடர் டின் ஒன்று. அதற்கு மூடியாகக் கறுப்பாய் ஒரு வட்டம். தூக்கிப் பார்த்தேன். கிராமபோன் தட்டு. ஓரத்தில் மூன்றாம் பிறை மாதிரி ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

"அது எதுக்கும் ஆவாது சார். இரும்பும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. எடைக்குப் போட்டா எவனும் எடுக்க மாட்டான்" என்றார் கடைக்காரர்.

அவர் கணக்கு சரிதான். அது அரக்கு. மரக்கிளையில் அப்பிக்கொண்டு வாழும் ஒரு பூச்சி கசியவிடும் பிசின். கல்பொடி சேர்த்து அச்சில் அழுத்தி எடுப்பார்கள். கை தவறினால் அப்பளம். இருபது ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், டின்னுக்கு மூடி போச்சே என்று ஓட்டுத் துண்டு ஒன்றைத் தேடிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தேன். நடுவில் நாய்ப்படம் போட்ட லேபிள். நாயின் தலை இருக்கிறது, அது காது கொடுத்துக் கேட்கும் குழாய் தேய்ந்துவிட்டது. பாடியவர் பேரில் 'பாய்' என்று கடைசி எழுத்துகள் மட்டும் மிச்சம். பக்கத்தில் ராகம், தாளம். கீழே ஓர் எண். இவ்வளவுக்கும் அந்த வட்டத்தில் இடம் இருந்திருக்கிறது. பாட்டை எழுதியவருக்கு இல்லை. அந்தக் காலத்து நாடகப் பாட்டுத் தட்டுகளில் இது சகஜம். பாடுகிறவர் பேரைக் கேட்டுத்தான் ஜனங்கள் தட்டு வாங்கினார்கள். கம்பெனியும் அதைத்தான் அச்சடித்தது.

இந்த வாரம், அந்த வட்டத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்ட ஒருவரைப் பார்க்கலாம். மதுரை பாஸ்கரதாஸ். மதுரகவி என்று பட்டம். 1892-இல் பிறந்தவர், 1952-இல் காலமானார். பெற்றோர் வைத்த பேர் வெள்ளைச்சாமி. வெள்ளைக்காரனை ஊரைவிட்டு விரட்டப் பாட்டுக் கட்டினவருக்கு இப்படி ஒரு பேர் அமைந்ததை என்னவென்று சொல்ல!

பாஸ்கரதாஸ் என்ன வேலை பார்த்தார் என்பதைப் புரிந்துகொள்ள, தென்மாவட்டத்து ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று தெரிய வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்கு அது கொஞ்சம் அந்நியம். இங்கே கூத்து என்றால் ஒரு செட்டு. வாத்தியார், மத்தளம், முகவீணை, வேஷக்காரர்கள் எல்லோரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் அப்படி இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. பபூன் தனி, ஆர்மோனியம் தனி, மிருதங்கம் தனி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேதி வாங்கி, முன்பணம் கொடுத்திருப்பார்கள். பல தடவை ஒருவரை ஒருவர் முதலில் பார்ப்பதே அன்றைக்கு ராத்திரி ஒப்பனை அறையில்தான். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த சட்டகம் அது. மேடையேறியதும் அதற்குள் அவரவர் சரக்கை இறக்குவார்கள்.

சரக்கு என்றால் பாட்டு. எதிராளி ஒரு பாட்டைப் போட்டால், அதற்குமேல் ஒன்றைப் போட வேண்டும். கொட்டகையிலிருந்து 'ஒன்ஸ் மோர்' வந்துவிட்டால் அன்றைய ராத்திரி நம்முடையது. இரண்டு வருஷம் ஒரே பாட்டைப் பாடினால் ஊர் கொட்டாவி விடும். ஆகவே ஒவ்வொரு நடிகருக்கும் புதுப்பாட்டு தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. அடுத்தவரிடம் இல்லாத பாட்டு, தன் குரலுக்கு ஏற்ற பாட்டு.

சுவாமிகள் நாடகம் எழுதினார், அதற்குள் பாட்டும் எழுதினார். பாஸ்கரதாஸ் அந்த இடத்தில் ஒரு புதுத்தொழிலை நடத்தினார் என்பது என் கணக்கு. நாடகத்தை விட்டுவிட்டுப் பாட்டைத் தனியாக, நடிகர் நடிகராக எழுதிக் கொடுப்பது. தையற்காரர் அளவெடுப்பது போல இந்தக் குரல் எதுவரை ஏறும், எந்த இடத்தில் பிருகா உருளும் என்று பார்த்து எழுதுவது. மெட்டு பெரும்பாலும் ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்ததாக இருக்கும். பார்சி நாடகக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன இந்துஸ்தானி மெட்டு, இல்லாவிட்டால் போன வருஷம் ஓடின நாடகப் பாட்டின் மெட்டு. அக்காலத்துக் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் 'வர்ணமெட்டு' என்று போட்டிருப்பார்கள். ஸ்வரம் தெரிய வேண்டியதில்லை. மெட்டு தெரிந்தவன் அந்த நிமிஷமே பாடிவிடலாம். சந்தையில் நின்றுகொண்டு அப்படிப் பாடித்தான் அந்தப் புத்தகங்களை விற்றார்கள். புதுச் சொல்லுக்குப் பழைய மெட்டு என்பது சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒருநாள் உட்கார்ந்து ஒரு மெட்டுக்கு நான்கு அடி எழுதிப் பார்க்கட்டும். நெடில் விழ வேண்டிய இடத்தில் குறில் விழுந்தால் பாடுகிறவருக்கு மூச்சு முட்டும்.

1919-இல் ஜாலியன்வாலாபாக்கில் சுட்டுக் கொன்றார்கள். தமிழ்நாட்டில் பத்திரிகை படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர். நாடகம் பார்க்கிறவர்களோ ஊர் முழுக்க. பஞ்சாப் படுகொலை பாட்டாகி மேடையேறியது. அதற்கப்புறம் காந்தி, கதர், ராட்டை, தீண்டாமை, கள்ளுக்கடை மறியல் என்று தேசத்தில் நடந்ததெல்லாம் வரிசையாக மேடைக்கு வந்தன. பாஸ்கரதாஸ் அந்த வரிசையின் முன்னால் நின்றார். சு. தியடோர் பாஸ்கரன் 1981-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில் இந்த நாடகப் பாட்டுகளைத் தேடித் தொகுத்து எழுதும்வரை, இவற்றை யாரும் சரித்திரத்தில் சேர்க்கவே இல்லை. கொட்டகைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

இவற்றில் ஊரெல்லாம் பரவியது வெள்ளைக் கொக்குப் பாட்டு. பாஸ்கரதாஸ் எழுதியது என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். பாடி அதற்கு உயிர் கொடுத்தவர் எஸ்.எஸ். விசுவநாததாஸ். அந்தப் பாட்டு வந்து உட்காரும் இடத்தைப் பாருங்கள். வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று பறவை விரட்டுகிறாள். வேடன் வேஷத்தில் முருகன் வருகிறான். பறவைகளைப் பற்றி இருவரும் பேச வேண்டிய கட்டம். அதற்குள் வெள்ளை வெளேரென்று ஒரு கொக்கு பறந்து வருகிறது. அது எங்கிருந்து வருகிறது, நம் குளத்து மீனை எப்படிக் கொத்துகிறது என்று முருகன் பாடுகிறான். முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார். 1876-ஆம் வருஷத்து நாடகச் சட்டம் அவர் கையில் இருக்கிறது. அவர் எதை எழுதிக்கொள்வார்? கொக்கு என்றா? எழுதாமல் விட்டால் சுற்றிலும் ஆயிரம் பேர் சிரிக்கிறார்கள்.

எழுதத்தான் செய்தார்கள், பிடிக்கத்தான் செய்தார்கள். விசுவநாததாஸ் பலமுறை சிறை போனார். சவரத் தொழில் செய்யும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்திருந்தபடியே மேடையில் உயிர்விட்டார். அவர் கதையைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

வள்ளியின் பரண் எனக்குச் சித்திரத்தில் பார்த்த சமாசாரமாகவே இருந்தது, வெள்ளிமலைக்கு முதல் தடவை போகும்வரை. கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறும். மேலே போனதும் ஒரே மரவள்ளிக் கொல்லையாகத் தெரியும். சேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்களுக்குப் போகிற கிழங்கு. அதற்கிடையே அங்கங்கே சாமையும் தினையும் இன்னும் போடுகிறார்கள். ஒரு கொல்லை ஓரத்தில் நான்கு கவைக்கம்பு நட்டு, மேலே மூங்கில் பரப்பி, வைக்கோல் கூரை போட்டுப் பரண் கட்டியிருந்தது. கீழே கயிற்றில் ஒரு தகர டப்பா தொங்கியது. கயிற்றை இழுத்தால் டப்பா அடிக்கும். ராத்திரியில் காட்டுப்பன்றிக்கு, பகலில் கிளிக்கு.

மேலே ஒரு அம்மா உட்கார்ந்து ஏதோ முனகிக்கொண்டிருந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். நிறுத்திவிட்டார்.

"பாடுங்கம்மா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"பாட்டு இல்ல சாமி. கிளி ஓட்டறது."

மலையாளி மக்கள் அவர்கள். கேரளத்து மலையாளி என்று வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். தமிழ்தான் பேச்சு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழி என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த அம்மாவின் கிளி ஓட்டும் குரலையும் மதுரை மேடையில் நாலு முழ ஜரிகைப் பாவாடையோடு வள்ளி கவண் சுற்றும் கட்டத்தையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். இன்னொன்றும் கூடவே வந்தது. கீழே சமவெளியில் சுயராஜ்யப் பாட்டு பாடிக் கொட்டகை அதிர்ந்த காலத்திலும், அதற்குப் பிறகு சுதந்திரம் வந்து ஏறக்குறைய முப்பது வருஷம்வரையிலும், இந்த மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தது. ஜாகீர் போனது 1976-இல். கொக்கு பறந்துபோன சேதி மலைமேல் வந்துசேர அத்தனை நாள் ஆகியிருக்கிறது.

மலையைப் பற்றிப் பேசினால் சாராயத்தைப் பேசாமல் இருக்க முடியாது. அன்றைய தேசியப் பாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் மதுவிலக்கு ஒரு கட்டாயப் பாடம். 1937-இல் ராஜாஜி பதவிக்கு வந்ததும் அக்டோபர் 1 அன்று முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் ஜில்லாவில். கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் சேலம், இந்தப் பக்கம் தென்னாற்காடு. அங்கே கடை மூடியாயிற்று, இங்கே கடை திறந்திருக்கிறது, நடுவில் மலை. அப்புறம் இரண்டு பக்கமும் மூடி, திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறந்து, மலையில் ஊறல் போடுவது மட்டும் நிற்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் பறைச் சத்தம் ஓயவில்லை. மதுவிலக்குப் பாட்டுப் புத்தகம் ஒன்று அப்போது என் மேஜைமேல்தான் இருந்தது. அதைத் திறக்க மனம் வரவில்லை.

தட்டுக்குத் திரும்புகிறேன்.

இந்தியாவில் கிராமபோன் பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. அப்போது பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பேரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். பதிவு செய்ததைத் தட்டாக அழுத்தியது ஜெர்மனியில் ஹனோவரில். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு நம் பாட்டும் தெரியாது, பாடகியும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பேரை ஒட்டுவது என்று குழம்பாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பாடுகிறவருக்குத் தன் பேரைத் தானே சொல்லிக்கொள்ள வாய் இருந்தது. எழுதினவர் அந்த அறையிலேயே இல்லை.

மேடைப்பாட்டு தட்டுக்கு வந்தபோது அதன் உடம்பே மாறிப்போனது. மேடையில் ஒரு பாட்டு கால்மணி நேரம் போகும். பல்லவியையே நாலு விதமாகப் புரட்டுவார்கள், ஆர்மோனியக்காரர் குறுக்கே புகுந்து ஒரு கை பார்ப்பார். தட்டிலோ நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் வந்தாக வேண்டும். சுற்றி வளைக்க நேரமில்லை, முதல் அடியிலேயே ஆளைப் பிடிக்க வேண்டும். டீக்கடையில் தட்டு சுழலும்போது சாலையில் போகிறவன் நின்று கேட்க அந்த ஓர் அடிதான் கெடு. நாடகத்துக்கு எழுதிப் பழகின கை இந்த அளவுக்குச் சுருங்கிக்கொண்டது. சினிமாப் பாட்டு பிற்பாடு மூன்று நிமிஷத்தில் வந்து நின்றதற்கு இந்த அரக்குத் தட்டும் ஒரு காரணம்.

1920-களிலும் 30-களிலும் மேடையில் ஓடின பாட்டு தட்டானது, தட்டில் ஓடினது மறுபடி மேடைக்கு வந்தது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கொட்டகையில் பாடினதைக் கேட்டவர்கள் மறுநாள் தட்டுக்கடைக்குப் போனார்கள். கொட்டகையில் பாடினால் போலீஸ் வரும். தட்டு சுழன்றால்? யாரைப் பிடிப்பது, கடைக்காரனையா, நாயையா? புத்தகமாகப் போட்ட பாட்டுகளை அரசாங்கம் தடைசெய்து பறிமுதல் பண்ணியது. பாரதி பாட்டையே 1928-இல் பறிமுதல் செய்து, சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து பேச வேண்டியதாயிற்று.

சினிமாவுக்கு வந்த கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், பலருக்கும் தெரிந்ததுதான். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்'. அர்தேஷிர் இரானியின் கம்பெனி, எச்.எம். ரெட்டி டைரக்‌ஷன், டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. படப்பெட்டி சென்னைக்கு வந்தபோது வால்டாக்ஸ் ரோடில் தேங்காய் உடைத்துப் பூத்தூவி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். 1931 அக்டோபர் 31 அன்று கினிமா சென்ட்ரலில் வெளியானது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார்கள், ஏறக்குறைய 50 பாட்டு, அதில் தியாகராஜர் கீர்த்தனையும் உண்டு. பாஸ்கரதாஸ் பாட்டெழுதினார். ஆகத் தமிழ் சினிமாவின் முதல் பாடலாசிரியர் அவர்தான். காளிதாசன் கதையில் காந்தியின் ராட்டையைப் புகழ்ந்து ஒரு பாட்டு வருகிறது. காளிதாசன் காலத்தில் காந்தி ஏது என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. ஸ்பெஷல் நாடகம் பார்த்துப் பழகினவர்களுக்கு அது இயற்கை. முருகன் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடலாம் என்றால் காளிதாசன் கதையில் ராட்டையா சுற்றக் கூடாது? படத்தின் பிரதி இன்று இல்லை. பாட்டுப் புத்தகம்தான் மிச்சம்.

அமெரிக்காவில் ஸ்டீபன் ஃபாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். பாட்டெழுதுவதையே பிழைப்பாக வைத்துக்கொண்ட முதல் ஆட்களில் ஒருவர். 1851-இல் அவர் எழுதிய ஒரு பாட்டு நாடெல்லாம் பரவியது. அச்சில் எழுதினவர் என்று போட்டிருந்த பேர் கிறிஸ்டி. பாட்டைப் பாடின மேடைக்குழுவின் தலைவர். சில டாலருக்கு ஃபாஸ்டரே தன் பேரை விட்டுக்கொடுத்திருந்தார். அடுத்த வருஷமே மனசு கேட்காமல் பேரைத் திருப்பிப் போடச் சொல்லிக் கடிதம் எழுதினார். நடக்கவில்லை. 1864-இல் நியூயார்க்கில் செத்தபோது அவர் பையில் இருந்தது 38 சென்ட்.

நம் ஊரில் பேரை விலைக்குக் கேட்கிற ஆளே கிடையாது. கேட்காமலே போய்விடும். பாரதி பாட்டின் ஒலிப்பதிவு உரிமைக்கு ஒரு விலை இருந்தது, அது கைமாறி ஏ.வி.எம். செட்டியாரிடம் வந்து, 1949-இல் அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்தது. பாஸ்கரதாஸ் பாட்டுக்கு உரிமை கேட்டு யாரும் வக்கீல் வீட்டுப் படி ஏறினதில்லை. யார் வேண்டுமானாலும் பாடினார்கள். சங்ககாலத்தில் பேர் தொலைந்த புலவருக்கு அவர் பாட்டிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துச் சூட்டினார்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார். அந்த முறைப்படி பார்த்தால் இவர் வெள்ளைக் கொக்கார் என்று ஆகியிருக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து. கூவாகம் அரவான் திருவிழாவுக்கு உலகமே வந்துபோகிற ஜில்லா இது. பாரதக் கூத்து இல்லாத வருஷம் இல்லை. முகவீணைக்குப் பக்கத்தில் ஆர்மோனியமும் இருக்கும். ஆர்மோனியம் கூத்துக்கு வந்ததே நாடகக் கம்பெனிகளைப் பார்த்துத்தான். பெட்டி தனியாக வராது, கூடவே மெட்டும் வரும். அன்று நடுச்சாமத்துக்கு மேல் கட்டியங்காரன் ஒரு பாட்டைப் பாடினான். அதுவரை தூங்கி வழிந்த பெண்கள் பக்கம் எழுந்து உட்கார்ந்தது. துரியோதனன் சபைக்கும் அந்தப் பாட்டுக்கும் ஒட்டு உறவு இல்லை. திரைக்குப் பின்னால் ஓடினேன். வாத்தியார் மூட்டைமேல் சாய்ந்திருந்தார்.

"வாத்தியாரே, இந்தப் பாட்டு யார் எழுதினது?"

"எந்தப் பாட்டு தம்பி?"

"இப்ப கட்டியங்காரர் பாடினாரே."

"அதுவா? அது நாடக மெட்டு. தெக்கத்தி சரக்கு. எங்க வாத்தியாரு பாடினாரு, அவுரு வாத்தியாரு பாடினாரு." பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "பாட்டுக்கு ஆள் தேடினா பொழுது விடிஞ்சிடும். நீ போய் முன்னால உக்காரு."

அது பாஸ்கரதாஸ் பாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. வாத்தியார் சொன்ன வழியில்தான் அவர் பாட்டும் நடந்து போயிருக்கிறது. மேடையிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து சந்தைப் புத்தகத்துக்கு, அங்கிருந்து சினிமாவுக்கு, பஜனை மடத்துக்கு, ஊர்வலத்துக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் பாட்டு கொஞ்சம் தேறிக்கொண்டது, எழுதினவர் பேர் கொஞ்சம் உதிர்ந்துகொண்டது. கடைசியில் பாட்டு ஊருடையதாகிவிட்டது. சிலர் இதைப் பெருமை என்பார்கள். பாட்டெழுதினவர் வீட்டு அடுப்பைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

ஆனால் இவர் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். நாட்குறிப்பு எழுதினார். 1917 தொடங்கி 1951 வரை. முப்பத்துச் சொச்சம் வருஷம் மேடைகள், ஊர்கள், நடிகர்கள், பாட்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆற அமர எழுதும் சுயசரிதை மாதிரி கிடையாது, அன்றன்றைய கணக்கு. நம் மளிகைக்கடை அண்ணாச்சிகள் பேரேடு எழுதுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேடியெடுத்துத் தொகுத்துப் புத்தகமாக்கினவர் அவருடைய மகள் வயிற்றுப் பேரன், நாடக இயக்குநர் முருகபூபதி. முருகபூபதியின் அண்ணன்மார்தான் எழுத்தாளர்கள் ச. தமிழ்ச்செல்வனும் கோணங்கியும். கோணங்கியின் வாக்கியங்கள் புரியவில்லை என்று குறைப்படுகிற நண்பர் ஒருவர் உண்டு. தாத்தா எழுதினதை நாட்டில் பாடாத வாய் இல்லை, பேரன் எழுதுவதைப் படிக்கத்தான் எனக்கு வாய் குளறுகிறது என்பார். நான் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். எனக்கு இரண்டும் பிடிக்கும்.

தட்டை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சும்மா இருந்தேன். சின்னசேலத்தில் ஒரு நண்பர். அவர் அப்பா காலத்தில் ரேடியோ செட் வாடகைக்கு விட்ட குடும்பம். பரண்மேல் கிடந்த சாவி கொடுக்கும் பெட்டி ஒன்றை இறக்கித் தூசி தட்டினார். ஊசி கிடைக்கத்தான் அலைச்சல். எஃகு ஊசி ஒரு பக்கம் பாடினால் முனை மழுங்கிவிடும், ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுசு மாற்ற வேண்டும். டப்பாவில் தேடிப் பார்த்ததில் துருப்பிடிக்காத ஊசி இரண்டு தேறின.

தட்டு வெளி ஓரத்திலிருந்துதான் பாடத் தொடங்கும். பிறைச் சில்லு பெயர்ந்திருந்ததும் அந்த ஓரம்தான். ஊசியை உடைந்த இடத்துக்கு உள்ளே, கை நடுங்காமல் மெல்ல இறக்கினார். பல்லவியின் முதல் அடி போயே போச்சு. அனுபல்லவியிலிருந்து ஒரு பெண் குரல், மழை இரைச்சலுக்குள்ளிருந்து கேட்பதுபோல, உச்சத்தில் ஏறிக்கொண்டிருந்தது. சொற்களைப் பிடிக்க நண்பர் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டார். ஒரு சுற்றில் ஊசி மாட்டிக்கொண்டு அதே இடத்தையே நாலைந்து தடவை பாடியது. விரலால் லேசாகத் தள்ளிவிட்டார். சரணம் முடிந்து, ஆர்மோனியம் அடங்கி, இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோது தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல் 'பலே' என்றது.

"யாருப்பா அது?" என்றார் நண்பர்.

இன்னொரு ஊசியை மாற்றிவிட்டு, தட்டைத் திருப்பிப் போட்டோம்.

(தொடரும்)